சேர்ப்பது எளிது, பிரிப்பது அரிது

மார்கழி மாதத்துக் கண்டிக் காலைப் பொழுதை அறிந்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று. ஹந்தானை மலையினின்றும் இறங்கிய பனி வாவியின்மீது படிந்து கிடக்கும் அவ்வேளையில், தலைக்கு வைப்பதற்கென்று தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தால் ஒரு துளியும் வீழாது. உள்ளே எண்ணெய் வெண்மையாக உறைந்து கிடக்கும். வீட்டிலுள்ள தாய்மார் அதனை அடுப்பங்கரையில் சற்று நேரம் வைத்தெடுப்பர். கொழும்பிலிருந்து வந்து தங்கும் உறவினருக்கு மட்டும் இஃது ஒரு வேடிக்கை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகுவது. அதற்குக் கீழே குளிர் இறங்கினால் அது திண்மமாகி விடுகிறது.

இன்னுமொரு காட்சி. கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக்கு நீர் வார்த்து, அதன்மேல் எண்ணெய் விட்டு, மிதக்குந் திரியிட்டு ஏற்றும் விளக்கை நம்மிற் பலர் கண்டிருப்போம். நீர் கீழே நிற்கிறது. எண்ணெய் மேலே நிற்கிறது. எத்தனை நாழிகை சென்றாலும் அவை கலப்பதில்லை.

எண்ணெய் உறைவதும், எண்ணெயும் நீரும் இரு படைகளாகப் பிரிந்து நிற்பதும் நாம் அன்றாடம் காணும் சிறு நிகழ்ச்சிகள். ஆயினும் தாவர எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருளை ஆக்கும் பெருந்தொழில் இவ்விரு நிகழ்ச்சிகளின் மீதே நிற்கிறது. திண்மம், திரவம், ஆவி என்றும், ஒன்றோடொன்று கலவாத் திரவப் படைகள் என்றும் பிரிந்து நிற்கும் ஒவ்வொன்றையும் நமது பாடநூல்கள் 'அவத்தை' என வழங்கும். அவை தம்முள் மாற்றமின்றி அமைந்து நிற்கும் நிலை 'அவத்தைச் சமநிலை'. அதனை அளப்பதும் கணக்கிடுவதும் எரிபொருளுக்கு எவ்வாறு உதவுகின்றன என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

வரிசையில் எழுந்த வினா

2022ஆம் ஆண்டை நம் நாட்டார் எவரும் மறக்கமாட்டார்கள். அந்நியச் செலாவணி வற்றியது, எரிபொருள் வரவில்லை, எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தன. பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கியூஆர் அட்டை முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பின்னரே வரிசைகள் சுருங்கின.

அத்தகைய வரிசையொன்றில் நின்றபோது, வான் ஓட்டிப் பிழைக்கும் நமது பழைய மாணவர் ஒருவர் நம்மைக் கண்டு இறங்கி வந்தார். இரண்டு நாட்களாக அங்கேயே உண்டு உறங்கியவர் அவர். "தேங்காய் விளையிற நாட்டில நாங்கள் டீசலுக்கு ஏன் சேர் இப்படித் தவங்கிடக்க வேணும்? எண்ணெயில டீசல் செய்யலாம் என்று நீங்கள்தானே படிப்பிச்சீங்கள்?" என்று கேட்டார். படிப்பித்தது உண்மை. ஆயினும் அவருக்குத் தெளிவான விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு நாம் செலுத்தும் கடன்.

எண்ணெயில் எந்திரம் ஓடும் என்பது நேற்றைய செய்தியன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் பொருட்காட்சியில், ருடோல்ஃப் டீசல் அமைத்த வகையைச் சேர்ந்த சிறு எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் அதன் பிசுபிசுப்பு எந்திரத்தை நாளடைவில் கெடுத்து விடும். டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட தடிப்புடையது அது. தெளிப்பு முனையில் நுண்டுளிகளாகச் சிதறாது, கரி படியும்.

ஆதலின் எண்ணெயை உடைக்க வேண்டும். எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும், கிளிசரோல் என்னும் முதுகெலும்பில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்புடையது. மெதனோல் என்னும் மதுசாரத்தைச் சேர்த்து, சோடியம் ஐதரொட்சைட்டை ஊக்கியாக இட்டு, 60 பாகை அளவில் ஒரு மணி நேரம் கலக்கினால் அச்சங்கிலிகள் மூன்றும் கழன்று மெதனோலைப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு பிறக்கும் மெதையில் எசுத்தர்களே உயிரி டீசல். 100 கிலோகிராம் எண்ணெய்க்கு ஏறக்குறைய 11 கிலோகிராம் மெதனோல் கணக்குப்படி போதும். கிடைப்பது ஏறத்தாழ 100 கிலோகிராம் எரிபொருளும் 10 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கிளிசரோலும்.

பாலாய்ப் போன எண்ணெய்

கேட்பதற்கு இரசம் வைப்பதைப் போல எளிதாகத் தோன்றுகிறதன்றோ? நாமும் அவ்வாறே எண்ணினோம். வரிசையில் நின்ற அந்த மாணவரின் வினா உள்ளத்தை உறுத்தவே, பாடசாலைகள் திறந்த பின்னர் உயர்தர வகுப்பு மாணவர்களுடன் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனையில் இறங்கினோம். தீபாவளிக்கு முறுக்கும் பயற்றம் உருண்டையும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை மாணவர்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்தனர். மெதனோல் கொடிய நஞ்சு, கண்பார்வையைப் பறிக்க வல்லது, எளிதிற் பற்றியெரிவது. ஆகையால் அதனையும் காரத்தையும் நாமே கையாண்டோம்.

முதற் பாதி நன்றாகவே முடிந்தது. கலவையைப் பிரிபுனலில் ஊற்றி வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் கருநிறக் கிளிசரோல் அடியிலும், தேன் நிறத்து எசுத்தர் மேலுமாகப் பிரிந்து நின்றன. மாணவர்கள் கைதட்டினர். அடியிலிருந்ததை வடித்து விட்டு, எஞ்சிய சவர்க்காரத்தையும் மெதனோலையும் கழுவியகற்றுவதற்காக நீரை ஊற்றினோம். உற்சாக மிகுதியால் பிரிபுனலைப் பலமாகக் குலுக்கினோம். அவ்வளவுதான்! அனைத்தும் பாலைப் போல் வெளுத்துத் தடித்துவிட்டது. நாளைக்குப் பிரியும் என்றோம். நாளையும் பிரியவில்லை, மூன்றாம் நாளும் பிரியவில்லை. எரிபொருள் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.

பிழை நம்முடையதே. பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பமிலங்கள் கட்டுநீங்கித் தனித்துக் கிடக்கும். அவை காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகும். சவர்க்காரத்தின் ஒரு முனை எண்ணெயை நாடும்; மறுமுனை நீரை நாடும். இரண்டையும் பிடித்துக்கொண்டு பிரியவொட்டாது நடுவே நிற்கும். எண்ணெயிலுள்ள அமிலத்தின் அளவை ஓர் அளவியாலும் பினோத்தலினாலும் முதலில் நியமித்துப் பார்த்திருக்க வேண்டும். மறுமுறை அவ்வாறே அளந்தறிந்து, இளஞ்சூட்டு நீரில் சிறிது உப்பிட்டு, புனலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கழுவினோம். படைகள் தெளிவாகப் பிரிந்தன.

அன்று நாம் கற்ற பாடம் இதுதான்: எண்ணெயை எரிபொருளாக்குவதில் கடினம் சேர்ப்பதில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. எந்தப் பொருள் எந்தப் படையில் எவ்வளவு தங்கும் என்பதை முன்னறிந்தவனே பிரிக்க வல்லவன்.

எங்கே எவ்வளவு தங்கும்?

தொழிற்சாலையில் இக்கேள்வியின் முக்கியத்துவம் பன்மடங்கு பெருகும். வினை முற்றுப்பெறவேண்டுமென்று மெதனோலைத் தேவைக்கு இரு மடங்காக இடுவது வழக்கம். மிஞ்சிய மெதனோலின் செறிவு கிளிசரோற் படையிலேயே மிகுதி. ஆயினும் ஒரு பகுதி எசுத்தரிலும் நிற்கிறது. அதனை மீட்காவிடின் பணம் வீண். எரிபொருளில் விட்டுவைத்தால் தீவிபத்து. ஐரோப்பிய நியமம் உயிரி டீசலில் மெதனோல் 0.20 சதவீதத்தையும், கட்டற்ற கிளிசரோல் 0.02 சதவீதத்தையும் தாண்டலாகாது எனக் கட்டளையிடுகிறது. ஐயாயிரம் பங்கில் ஒரு பங்கு கிளிசரோல்! இந்த நுண்ணிய எல்லையை மனம்போன போக்கிற் கழுவி அடைய முடியாது.

கழுவுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அரிசி களையும் தாய்மார் ஒரே குடம் நீரை ஒருமுறையில் ஊற்றுவதில்லை. சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றுகின்றனர். அதன் நுட்பத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். எசுத்தரிலுள்ள ஓர் அழுக்கு, சமநிலையில் எசுத்தரைவிட நீரில் ஒன்பது மடங்கு செறிவோடு தங்குமென வைத்துக்கொள்வோம். எசுத்தருக்குச் சமமான கனவளவு நீரால் ஒரேமுறை கழுவினால் பத்தில் ஒரு பங்கு அழுக்கு எஞ்சும். அதே நீரை இரு பாதிகளாக்கி இருமுறை கழுவினால், முதன்முறை 5.5இல் ஒரு பங்கும், மறுமுறை அதில் 5.5இல் ஒரு பங்குமாக, முடிவில் முப்பதில் ஒரு பங்கே எஞ்சும். நீர் கூடவில்லை, தூய்மை மூன்று மடங்காயிற்று. கழுவிய நீரை மகாவலியில் விடலாகாது என்பதை நினைக்குங்கால், நீரைச் சிக்கனமாகக் கையாளச் செய்யும் இக்கணக்கு எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

ஆனால் அந்த 'ஒன்பது மடங்கு' என்னும் எண் எங்கிருந்து வரும்? அளந்தே அறியவேண்டும்.

அளக்கும் முறை பார்வைக்கு எளியது. இரட்டைச் சுவருடைய சிறு கண்ணாடிக் கலத்தில் எசுத்தர், மெதனோல், கிளிசரோல் மூன்றையும் நிறுத்தியிடுவர். சுவர்களுக்கிடையே மாறா வெப்பநிலையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். சில மணி நேரம் நன்கு கலக்கிய பின்னர் பல மணி நேரம் அசையாமல் விட்டு, மேற்படையிலிருந்தும் கீழ்ப்படையிலிருந்தும் ஊசிக் குழலால் மாதிரிகளை எடுத்துப் பகுத்தாய்வர். பின்னர் ஒரு முக்கோணம் வரைவர். அதன் மூன்று மூலைகளும் மூன்று பொருள்களின் தூய நிலைகள். இரு படைகளின் அமைப்பையும் இரு புள்ளிகளாகக் குறித்து ஒரு கோட்டால் இணைப்பர். இத்தகைய கோடுகள் பல சேர்ந்தால், எந்தக் கலவை பிரியும், எந்தக் கலவை பிரியாது, பிரிந்தால் எவ்வாறு என்பதெல்லாம் ஒரே படத்தில் விளங்கும். மாலுமிக்குக் கடல் வரைபடம் எத்தகையதோ இரசாயனப் பொறியியலாளருக்கு இம்முக்கோணம் அத்தகையது.

இவ்வேலைக்கு முடிவுண்டா என்று ஐயுறுவோர்க்கு, அமெரிக்க அறிஞர் ஜோசையா வில்லார்டு கிப்ஸ் 1870களில் ஒரு விதியால் விடை தந்தார். கலவையிலுள்ள கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து அவத்தைகளின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டினால், நமது விருப்பப்படி மாற்றத்தக்கவை எத்தனை என்பது கிட்டும். நமது கலவையில் கூறுகள் மூன்று, திரவப் படைகள் இரண்டு. ஆகவே விடை மூன்று. வெப்பநிலையையும் அமுக்கத்தையும் நிலைநிறுத்தி விட்டால் எஞ்சுவது ஒன்றே. அதாவது, ஒரு படையில் மெதனோல் எவ்வளவு என்று குறித்துவிட்டால் மற்றவை யாவும் தாமே அமைந்து விடும். எல்லையற்றதாகத் தோன்றும் வேலையை எல்லைக்குட்படுத்திய விதி இது.

இலக்கணமும் இரசாயனமும்

ஆயினும் உலகிலுள்ள எண்ணெய் வகைகள் பல. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளக்க ஆயுள் போதாது. ஆகவே கணித மாதிரிகள் தோன்றின. 1968இல் ரெனோன், பிரவுஸ்னிட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட சமன்பாடு, சில அளவீடுகளைக் கொண்டு அவற்றின் இடைப்பட்ட நிலைகளைக் கணிக்க உதவியது. 1975இல் பிரெடென்ஸ்லண்ட், ஜோன்ஸ், பிரவுஸ்னிட்ஸ் மூவரும் 'யூனிஃபாக்' என்னும் முறையை வெளியிட்டனர்.

இம்முறையை விளக்கத் தமிழ் இலக்கணத்தைவிடச் சிறந்த உவமை நமக்குக் கிட்டவில்லை. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அறிந்தவன் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்களையும் அறிவான். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் இன்னவென்று தெரிந்தால், முன்பு கேட்டிராத இரு சொற்களும் எவ்வாறு புணரும் என்று கூறுவான். யூனிஃபாக் முறையும் அவ்வாறே ஒவ்வொரு மூலக்கூறையும் சிறு உறுப்புக்களாகப் பிரித்து, உறுப்புக்கு உறுப்பு உள்ள ஈர்ப்பைக் கொண்டு, முன்பு அளந்திராத கலவையின் போக்கையும் முன்னுரைக்கிறது. இலக்கணத்தில் விதிக்கு அடங்காத சொற்கள் உண்டல்லவா? இங்கும் உண்டு. கிளிசரோல் போன்ற, ஐதரசன் பிணைப்பால் இறுகப் பற்றும் பொருள்களிடம் இக்கணிப்புச் சில வேளைகளில் வழுவும். வழக்கை நோக்கி விதியைத் திருத்தும் இலக்கணகாரரைப் போல, அளவீட்டை நோக்கி மாதிரியைத் திருத்த வேண்டும்.

நமது நாட்டுக்கு எது உகந்தது?

இனி நமது மாணவரின் வினாவுக்கு வருவோம். தேங்காயெண்ணெயில் டீசல் செய்யலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 2009 முதல் டீசலில் 2 சதவீதம் தேங்காயெண்ணெய் எசுத்தர் கலக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் அது 3 சதவீதமாயிற்று. ஆயினும் சம்பலுக்கும் சொதிக்கும் தேங்காய் வாங்கவே திணறும் குடும்பங்கள் உள்ள நாட்டில், உணவை எந்திரத்துக்கு ஊட்டுவது முறையாகுமா?

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் மாவனெல்லையைக் கடந்து கேகாலைக்குச் செல்வோர் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்களைக் காண்பர். 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்து ஹேனரத்கொடையில் வேரூன்றிய கன்றுகளின் வழியே இந்நாட்டு இரப்பர்ப் பயிர் தழைத்தது. பருவத்தில் காய்கள் படீரென்று வெடித்துப் புள்ளி விதைகளைச் சிதறுகின்றன. அவற்றிற் பெரும்பகுதி மண்ணில் மக்கிப் போகிறது. விதைப் பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதனை எவரும் சமைத்துண்பதில்லை.

இடையூறு என்னவெனில், இரப்பர் விதை எண்ணெயில் கட்டற்ற அமிலம் மிகுதி. நமது பால் போன்ற கலவையின் கதை அங்கே மீண்டும் நிகழும். கேரளத்தின் கள்ளிக்கோட்டைத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் இதற்கு ஒரு வழி காட்டினர். அவர்கள் எடுத்த எண்ணெயில் அமிலம் 17 சதவீதம். முதலில் சல்பூரிக்கமிலத்தைக் கொண்டு அதனை 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, அதன் பின்னரே காரத்தை இட்டு எசுத்தராக்கினர். இரு படிகளிலும் பிரித்தலே உயிர்நாடி.

அடுத்த கேள்வி மெதனோல். அது நமக்கு இறக்குமதிப் பொருள். ஆனால் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்புச் சர்க்கரையாலைக் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கின்றோம். அதனையே பயன்படுத்தினால் என்ன? இங்கேதான் அவத்தைச் சமநிலை குறுக்கிடுகிறது. எதனோல் எசுத்தரோடும் உறவாடும், கிளிசரோலோடும் உறவாடும். அது மிகுந்தால் இரு படைகளும் ஒன்றாகி, பிரிய வேண்டியது பிரியாமலே போகும். மேலும் சாதாரண வடித்தலால் எதனோலை எடையில் 95.6 சதவீதத்துக்கு அப்பால் தூய்மைப்படுத்த இயலாது. அந்நிலையில் நீரும் எதனோலும் ஒரே விகிதத்தில் ஆவியாகும். எஞ்சிய நீரோ சவர்க்காரத்துக்கு வழிதிறக்கும். கரும்பு மிகுந்த பிரேசில் நாட்டில், கம்பினாஸ் பல்கலைக்கழகத்தார் எதனோல் கலந்த எண்ணெய்க் கலவைகளை நெடுங்காலமாகப் பொறுமையோடு அளந்து வருவதன் காரணம் இதுவே.

இறுதியாகக் குளிர். பாமெண்ணெய் எசுத்தர் 13 முதல் 16 பாகை வரையிலேயே மங்கத் தொடங்கும். கொழும்பில் அது குற்றமன்று. தைமாதத்து நுவரெலியாவில் விடியற்காலையில் புறப்படும் லொறியின் வடியை அது அடைத்து விடும். இரப்பர் விதை எசுத்தரோ 4 பாகையளவிலேதான் மங்குகிறது. ஆகவே மலைநாட்டு வாகனத்துக்குரிய கலவையை மலைநாட்டுக் குளிரைக் கொண்டே கணிக்க வேண்டும். மார்கழிக் காலையில் உறைந்த நமது எண்ணெய்ப் போத்தல் சொல்லும் செய்தியும் இதுவே.

மாணவர்களுக்கு ஒரு சொல்

உயிரி டீசல் ஒன்றே நம் வரிசைகளை ஒழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. நாட்டின் தேவை பெரிது. விதையும் பழைய எண்ணெயும் தருவது சிறிது. ஆயினும் ஒரு தோட்டத்தின் உழவு எந்திரத்தையும், ஓர் ஊரின் சில லொறிகளையும் ஓட்டுவதற்கு அது போதுமானால், நெருக்கடிக் காலத்தில் மரக்கறியாவது சந்தைக்கு வந்து சேரும். பலமுறை கொதித்த எண்ணெய் மீண்டும் வடைச் சட்டிக்குப் போகாமல் இதற்கு வந்தால் நமது உடல் நலத்துக்கும் நன்மையுண்டு.

இதற்கு வேண்டிய இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். ஆனால் நமது தோட்டத்து விதையின் எண்ணெய், நமது ஆலையின் மதுசாரம், நமது மலையின் குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எங்கே எவ்வளவு தங்கும் என்னும் எண்களைப் பிற நாட்டார் அளந்து வைத்திருக்கமாட்டார்கள். நாமே அளக்க வேண்டும். நமக்கு அண்மையிலேயே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் இரசாயனப் பொறியியலுக்கென ஒரு துறை இருக்கிறது. அங்கே செல்லும் நம் பிள்ளைகளில் சிலராவது இத்தகைய அளவீட்டைத் தம் பணியாகக் கொள்ளல் வேண்டும். அதற்குப் பெரும் புகழ் கிட்டாது. ஒரு புள்ளியைக் குறிக்க ஒரு நாள் செல்லும்; முக்கோணம் நிறைய ஓராண்டு செல்லும். அவ்வாறு நிறைந்த முக்கோணம் தலைமுறைகளுக்குப் பயன்படும்.

அன்று வரிசையில் நின்று கேட்ட தம்பிக்கு இப்போது விடை கூறுவோம். எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம், தம்பி. செய்தபின் பிரித்தெடுக்கும் வித்தையை நம் நாட்டு எண்ணெயை வைத்து நாம் இன்னும் நிறையக் கற்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் இரசாயனம் படிக்கின்றான் என்று கேள்வி. அடுத்த சோதனைக்கு அவனை அனுப்பி வையுங்கள். இம்முறை பிரிபுனலைப் பலமாகக் குலுக்க மாட்டோம்.